பதற்றக் கோளாறு: மூளையில் நடப்பது என்ன, மருந்து தொடுவது எதை?

மனச்சோர்வுக்கு, மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைவதுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022 ஜூலையில் ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. லண்டன் மனநல மருத்துவர் ஜோனா மான்கிரிஃப் தலைமையிலான குழு எழுதியது. "செரட்டோனின் கோட்பாடு சரிந்தது" என்கிற பாணியில் உடனே தலைப்புகள் வந்தன. அந்தக் குழப்பம் பதற்றக் கோளாறுக்காக எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் சாப்பிடுகிறவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு நோய்க்கும் பெரும்பாலும் எழுதித் தரப்படுவது ஒரே வகை மாத்திரைதானே. செரட்டோனின் குறைவே இல்லை என்றால், செரட்டோனினைத் தொடும் மாத்திரை எதற்கு?

கேள்வி நியாயமானது. ஆனால் ரசாயனத்திலிருந்து தொடங்கினால் பதில் கிடைக்காது. பதற்றக் கோளாறில் மூளையில் எந்தப் பொருளும் வற்றிவிடுவதில்லை. ஆபத்தைக் கண்டறியும் நரம்புச் சுற்று, ஆபத்து இல்லாத இடங்களிலும் வேலை செய்யப் பழகிவிடுகிறது. நோய் பழக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சிகிச்சையில் புதிராகத் தெரியும் பல விஷயங்களுக்கு விடை கிடைக்கும்: ஒரு மாத்திரை அரை மணி நேரத்தில் கேட்பது ஏன், இன்னொன்றுக்கு நான்கு வாரம் ஆவது ஏன், குணமான பயம் சில மாதம் கழித்துத் திரும்பி வருவது ஏன்.

எதைக் கோளாறு என்கிறார்கள்

தேர்வுக்கு முந்தின இரவு தூக்கம் வராதது கோளாறு அல்ல. பதற்றம் அளவுக்கு மீறி, மாதக்கணக்கில் நீடித்து, வேலையையும் வீட்டையும் கெடுக்கும்போதுதான் அந்தப் பெயர். எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறு (இதற்குக் குறைந்தது 6 மாதம் என்று கணக்கு), திடீர் திடீரென பேனிக் அட்டாக் வரும் பீதிக் கோளாறு, நாலு பேர் முன்னால் பேசவே முடியாத சமூகப் பதற்றம், உயரம், ஊசி, நாய் என ஒரே பொருளைப் பற்றிய அச்சம் ஆகியவை முக்கிய வகைகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-ல் உலகெங்கும் 30.1 கோடிப் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. எண்ணிக்கையில் மனச்சோர்வையே மிஞ்சிய மனநோய் இது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இதில் மரபணுவின் பங்கு தோராயமாக 30 முதல் 40 விழுக்காடு என்கின்றன. அதுவும் ஒரு மரபணு அல்ல, சிறு சிறு பங்களிக்கும் ஏராளமான மரபணுக்கள்.

ஆபத்து என்ற தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது

1980-களில் நியூயார்க்கில் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ எலிகளுக்கு ஒரு ஒலியைக் கேட்கவைத்து, கூடவே காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார். சில முறைக்குப் பிறகு ஒலி மட்டும் கேட்டாலே எலி உறைந்து நின்றது. பிறகு அவர் மூளைப் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சிதைத்துப் பார்த்தார். மூளையின் மேலடுக்கான புறணியில், ஒலியை நுணுக்கமாக அலசும் பகுதியை நீக்கினாலும் எலி பயத்தைக் கற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய நிலையமான தலாமஸைச் சிதைத்தால் கற்கவில்லை. ஆக, காது கேட்ட செய்தி புறணிக்குப் போகாமலேயே தலாமஸிலிருந்து நேராக வேறொரு இடத்துக்குப் போகிறது. அந்த இடம்தான் அமிக்டலா. நெற்றியோரப் பொட்டுக்குப் பின்னால், மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் நரம்பணுத் திரள்.

அதன் பிறகு நடப்பவை, வரிசையாக:

1. அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதிக்குச் செய்தி வருகிறது. குறுக்கு வழியில் வரும் செய்தி வேகமானது, ஆனால் தெளிவில்லாதது. புறணி வழியாக வருவது தாமதமானது, ஆனால் துல்லியமானது. கயிறா பாம்பா என்று தெரியுமுன்பே உடம்பு துள்ளுவது முதல் வழியால்.

2. அமிக்டலாவின் மையப் பகுதியிலிருந்து ஆணைகள் கிளம்புகின்றன. ஹைப்போதலாமஸுக்குப் போகும் ஆணையால் இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. மூளைத்தண்டுக்குப் போகும் ஆணையால் மூச்சு வேகமெடுக்கிறது, உடல் விறைக்கிறது. மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு முடிச்சு, நார்அட்ரினலினை மூளை முழுக்க அனுப்பிக் கவனத்தைக் கூர்மையாக்குகிறது.

3. நொடிகளில் அட்ரினலின். பின்னாலேயே நிதானமாக இன்னொரு தொடர்: ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, கடைசியில் கார்ட்டிசால். இது உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். சண்டை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் உடம்பு அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. கட்டுப்படுத்த இரண்டு இடங்கள் உண்டு. முன்மூளைப் புறணியின் உள் அடிப்பகுதி, "இது ஆபத்தில்லை" என்று அமிக்டலாவை அடக்குகிறது. ஹிப்போகேம்பஸ், "இது எந்த இடம், எந்தச் சூழல்" என்ற தகவலைத் தருகிறது. காட்டில் புலி, கூண்டில் புலி என்ற வேறுபாட்டை அறிவது ஹிப்போகேம்பஸ்.

பதற்றக் கோளாறு உள்ளவர்களைக் குழுவாக எடுத்து ஸ்கேன் செய்தால், சராசரியில் அமிக்டலா கூடுதலாக எதிர்வினை காட்டுவதும் முன்மூளையின் அடக்குதல் பலவீனமாக இருப்பதும் பல ஆய்வுகளில் தெரிகிறது. குழுவின் சராசரியில்தான். ஒரு தனி மனிதரின் ஸ்கேனைப் பார்த்து "உங்களுக்குப் பதற்றக் கோளாறு" என்று சொல்ல இன்றைக்கு எந்த இயந்திரமும் இல்லை. ரத்தத்தில் செரட்டோனின் பார்க்கும் பரிசோதனையும் இதற்குப் பயன்படாது. உடலின் செரட்டோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில் இருக்கிறது, அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் கடந்து செல்வதுமில்லை. அதற்குப் பணம் கட்டுவது வீண்.

அமிக்டலா இல்லாதவருக்கு பீதி வருமா?

அமிக்டலாதான் "பயத்தின் மையம்" என்று எழுதி முடித்துவிடுவது சுலபம். மருத்துவ இலக்கியத்தில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண் அதற்கு இடம் கொடுக்கவில்லை. உர்பாக்–வீத்தே என்ற அரிய மரபுநோயால் அவருடைய இரு அமிக்டலாக்களும் அழிந்துபோயின. பாம்பைப் பிடிக்காது என்று முன்பு சொன்னவர், கடைக்குக் கூட்டிப்போனபோது பாம்பைக் கையில் எடுத்துத் தடவினார். பேய் வீடாக அலங்கரிக்கப்பட்ட கட்டடத்துக்குள் மற்றவர்களுக்கு முன்னால் நடந்தார்.

2013-ல் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைன் குழுவினர் அவருக்கு 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கக் கொடுத்தார்கள். சாதாரணக் காற்றில் அது சுமார் 0.04 விழுக்காடுதான். அவர் அசையாமல் இருப்பார் என்பதுதான் எதிர்பார்ப்பு. அவரோ மூச்சுத் திணறி, முகமூடியை நோக்கிக் கையை ஆட்டி, உதவி கேட்டார். அமிக்டலா சிதைந்த இன்னும் இரு பெண்கள், இரட்டைச் சகோதரிகள், அவர்களுக்கும் பீதி வந்தது. மூளை பழுதில்லாத 12 பேரில் பீதி வந்தது 3 பேருக்கு மட்டும்.

வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குத்தான் அமிக்டலா அவசியம். உடலுக்குள்ளிருந்து வரும் மூச்சடைப்பு போன்ற ஆபத்தை மூளைத்தண்டு தானே அறிந்துகொள்கிறது. அமிக்டலா இருந்தால் அந்தப் பீதியை ஓரளவு தணிக்கவும் செய்யலாம் என்று நினைக்க இந்த ஆய்வு இடம் தருகிறது. லெடூவும் பிற்காலத்தில், அமிக்டலா கண்டறிவது அச்சுறுத்தலை, நாம் உணரும் "பயம்" என்ற அனுபவம் புறணியில் உருவாவது என்று தன் நிலைப்பாட்டைத் திருத்திச் சொன்னார். என்ன வரும், எப்போது வரும் என்று தெரியாத நீண்ட நேரப் பதற்றத்துக்கு அமிக்டலாவின் அண்டையிலுள்ள பி.என்.எஸ்.டி. என்ற திரள் முக்கியம் என்பதும் விலங்கு ஆய்வுகளில் தெரியவந்தது. நாய் குரைத்ததும் வரும் திடுக்கிடலும், மாதக்கணக்கில் வயிற்றைப் பிசையும் கவலையும் மூளையில் முழுக்க ஒரே இடத்தில் நடப்பவை அல்ல.

பேனிக் அட்டாக்கை அருகிலிருந்து பார்த்தால்

கூட்டமான பேருந்து. ஒருவருக்கு லேசாகப் படபடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் குடித்த காபி காரணமாக இருக்கலாம். "நெஞ்சுக்கு ஏதோ ஆகிறது" என்ற எண்ணம் வருகிறது. உடனே மூச்சு வேகமாகிறது. உடலுக்குத் தேவையான அளவைவிட வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் ரத்தத்தில் தனித்திருக்கும் கால்சியத்தின் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலைச்சுற்றல், எல்லாம் கனவில் நடப்பதுபோன்ற உணர்வு. இவை ஒவ்வொன்றும் "ஏதோ ஆகிறது" என்ற எண்ணத்துக்கு அத்தாட்சி ஆகின்றன. படபடப்பு இரட்டிக்கிறது. சில நிமிடங்களில் உச்சம்.

உடல் உணர்வைப் பேராபத்தாகத் தவறாகப் பொருள்கொள்வதுதான் இந்தச் சுழலின் அச்சு என்று 1986-ல் விளக்கியவர் உளவியலாளர் டேவிட் கிளார்க். அதற்குப் பிறகு நம் ஊரில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், எல்லாம் "நார்மல்", கடைசியில் "கேஸ் பிரச்சினை" என்று ஒரு மாத்திரை. முதல் முறை நெஞ்சு வலித்தால் ஈ.சி.ஜி. கட்டாயம் பார்க்க வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பையும் ரத்தசோகையையும் கூடப் பார்த்து விலக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அதே பரிசோதனைகளை ஐந்தாவது முறை எடுப்பது சிகிச்சை ஆகாது, நோயின் ஒரு பகுதி.

பயம் அழிவதில்லை

எலிக்கு வருவோம். மின்னதிர்ச்சி இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், அது உறைவதை நிறுத்திவிடும். பழைய பாடம் அழிந்ததா? இல்லை. சில வாரம் கழித்து அதே ஒலியைக் கேட்கவைத்தால் பயம் தானே திரும்பும். வேறு கூண்டில் கேட்கவைத்தாலும் திரும்பும். ஒலியே இல்லாமல் ஒரு அதிர்ச்சி கொடுத்தாலும் திரும்பும். பழைய சாலை அப்படியே கிடக்கிறது; பக்கத்தில் ஒரு புறவழிச் சாலை போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புதிய பாடம் முன்மூளையின் உள் அடிப்பகுதியில் பதிகிறது என்று 2002-ல் மொகமத் மிலாடும் கிரெகரி குவிர்க்கும் எலிகளில் காட்டினார்கள்.

பேருந்தில் படபடத்தவர் மறுநாள் ஆட்டோவில் போகிறார். நிம்மதி. அந்த நிம்மதியே அவருக்கு ஊறு செய்கிறது. "பேருந்தில் ஒன்றும் ஆகாது" என்ற புதிய பாடம் பதிய வாய்ப்பே இல்லாமல் போகிறது. "ஏறாததால் தப்பித்தேன்" என்ற பாடம் பதிகிறது. அடுத்து ஆட்டோவும் நிற்கும், பிறகு துணையில்லாமல் தெருமுனைக்குப் போவதும். வீட்டார் பரிவோடு "நீ போக வேண்டாம், நான் வாங்கி வருகிறேன்" என்பது இதை இன்னும் கெட்டிப்படுத்துகிறது.

மாத்திரைகள் எங்கே தொடுகின்றன

*அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம்.* பென்சோடையசிபைன் குடும்பம். இதன் முதல் மருந்தைக் கண்டுபிடித்தவர் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக். 1960-ல் விற்பனைக்கு வந்தது, 1963-ல் டயசிபாம். மூளையில் நரம்பணுக்களை அடக்கும் முக்கிய வேதிப்பொருள் காபா. அது நரம்பணுவின் மேலுள்ள தன் ஏற்பியில் (செய்தியைப் பெறும் புரதம்) அமர்ந்தால் குளோரைடு அயனிகள் உள்ளே புகுந்து நரம்பணுவை அமைதிப்படுத்தும். பென்சோடையசிபைன் அதே ஏற்பியில் வேறொரு மூலையில் ஒட்டிக்கொண்டு, குளோரைடு நுழையும் வாசல் அடிக்கடி திறக்க உதவுகிறது. புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை என்பதால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் பலன். மதுவும் ஏறக்குறைய இதே ஏற்பியைத்தான் தொடுகிறது. கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குள் நுழையுமுன் "ஒரு கட்டிங்" போடுகிற சமூகப் பதற்றக்காரர் தன்னையறியாமல் இந்தச் சிகிச்சையைத்தான் செய்துகொள்கிறார், மறுநாள் காலை பதற்றம் வட்டியோடு வரும்.

சிக்கல் இரண்டு. ஒன்று, ஏற்பிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. சட்டென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கூடும், வலிப்புகூட வரலாம். 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் குடும்பம் முழுவதற்கும் தன் உச்சபட்ச எச்சரிக்கையைப் புதுப்பித்தது. இந்தியாவில் அல்பிரசோலம் எச்1 அட்டவணையில் இருக்கிறது. கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் "தூக்க மாத்திரை" என்று கேட்டு வாங்குவது எவ்வளவு சாதாரணம் என்பது தனிக் கதை.

இரண்டாவது சிக்கல் குறைவாகப் பேசப்படுவது: இது கற்றலையும் மழுங்கடிக்கிறது. லண்டனிலும் டொராண்டோவிலும் நடந்து 1993-ல் வெளியான ஆய்வில், பயந்த இடங்களுக்குப் படிப்படியாகப் போகும் பயிற்சி பெற்றவர்களின் முன்னேற்றம் சிகிச்சை முடிந்த பிறகும் நின்றது. அல்பிரசோலத்தால் கிடைத்த முன்னேற்றம் மாத்திரையை நிறுத்தியதும் கரைந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்கள் பயிற்சியின் நீடித்த பலனிலும் ஒரு பகுதியை இழந்தார்கள்.

*எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பரோக்சிடின்.* நரம்பணு வெளியிட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை இவை அடைக்கின்றன. அடைப்பது சில மணி நேரத்தில் நடந்துவிடும். பலனோ 2 முதல் 6 வாரத்தில். "குறைவை நிரப்புவது" என்ற விளக்கம் இங்கேயே உடைகிறது. நிரப்புவதுதான் வேலை என்றால் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மாறாக, முதல் வாரத்தில் பலருக்குப் பதற்றம் கூடுகிறது! 2016-ல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு, பி.என்.எஸ்.டி.யில் செரட்டோனின் ஒரு குறிப்பிட்ட ஏற்பி வழியாகப் பதற்றத்தைத் தூண்டவே செய்கிறது என்று காட்டியது. செரட்டோனின் அதிகமானால் சாந்தம் என்று ஒரு வரியில் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

வாரங்கள் போகப்போக, செரட்டோனின் நரம்பணுக்களைத் தடுத்துவைக்கும் சுய ஏற்பிகள் மந்தமாகின்றன. அமிக்டலா அச்சுறுத்தும் முகங்களுக்குக் காட்டும் எதிர்வினை குறைகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் குழுவினர், சிட்டலோபிராம் 7 நாள் கொடுத்த ஆரோக்கியமானவர்களிடமே இந்த மாற்றத்தைப் பார்த்தார்கள். மனநிலை மாறுவதற்கு முன்பே முகங்களை வாசிக்கும் விதம் மாறுகிறது. முதல் பத்து நாளில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிடுகிறவர்கள், சிரமத்தை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலன் வருமுன் எழுந்து போகிறார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றும் மருத்துவர்கள் இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். புரோப்ரனலால் இதயத்திலும் கையிலும் அட்ரினலின் செய்யும் வேலையைத் தடுக்கும். மேடை நடுக்கத்துக்குச் சரி, ஓயாத கவலையை அது தொடாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பிரிகாபலின் நரம்பு முனைகளில் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. பஸ்பிரோன் ஒரு வகை செரட்டோனின் ஏற்பியை மட்டும் அரைகுறையாகத் தூண்டுகிறது.

2022 ஆய்வு எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை

1. அது மனச்சோர்வின் காரணத்தைப் பற்றியது. பதற்றக் கோளாறை அது ஆராயவில்லை.

2. மருந்து பலன் தருகிறதா என்பதற்கான சான்று, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளிலிருந்து வருவது. காரணக் கோட்பாடு தவறு என்பதால் அந்தச் சோதனைகள் பொய்யாகிவிடாது. 1960-களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன், மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் பேனிக் அட்டாக்கை நிறுத்துவதை நோயாளிகளிடம் பார்த்துத்தான் அறிந்தார். பீதிக் கோளாறு தனி நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1980 கையேட்டில் இடம்பெற அதுவும் ஒரு காரணம். கோட்பாடு பின்னால்தான் வந்தது.

3. அதே நேரம், "உங்கள் மூளையில் செரட்டோனின் குறைவு" என்று நோயாளியிடம் சொல்லிச் சீட்டு எழுதும் வழக்கம் சரியில்லை என்ற விமர்சனம் முழுக்க நியாயமானது. அப்படிச் சொல்லக் கேட்டவர், மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதில் என்ன தவறு என்றுதான் நினைப்பார்.

பேச்சும் பயிற்சியும் மூளையைத் தொடுமா

தொடும். 2002-ல் சுவீடனின் உப்சாலாவில் சமூகப் பதற்றம் உள்ள 18 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்குச் சிட்டலோபிராம், இன்னொரு பிரிவுக்கு, எண்ணங்களையும் தவிர்க்கும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சை, மூன்றாவது பிரிவு காத்திருப்புப் பட்டியலில். ஆள்கள் முன்னால் பேசும்போது, மூளையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெட் ஸ்கேன். சிகிச்சைக்குப் பிறகு, மாத்திரை எடுத்தவர்களிலும் பயிற்சி எடுத்தவர்களிலும் தேறியவர்களின் அமிக்டலாவில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் இரு வழிகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதைக் காட்டியது.

பீதிக் கோளாறுக்கான பயிற்சி பார்க்க விளையாட்டுபோல இருக்கும். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றவைப்பார்கள், தலை கிறுகிறுக்க. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சு விடச் சொல்வார்கள். நின்ற இடத்திலேயே ஓடவைப்பார்கள். பயந்த அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவை வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்க்கவைப்பது நோக்கம். இங்கே அல்பிரசோலத்தைப் பையில் வைத்திருப்பதுகூட இடைஞ்சல். "மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். புறவழிச் சாலை ஓர் இடத்தில் மட்டும் போட்டால் போதாது என்பதால், ஆலோசகர் அறையில் கற்றதைப் பேருந்திலும் சந்தையிலும் தனியாகவும் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். செரட்டோனின் மாத்திரைகளைப் பயிற்சியோடு சேர்த்து எடுப்பதில் இந்தத் தடை பொதுவாக இல்லை. நிறுத்தும்போது மட்டும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற வெட்டும் வரும். அதை நோய் திரும்பியதாக நினைத்துக் கலங்குவோர் உண்டு.

கற்றலையே வேகப்படுத்த ஒரு மருந்து இருந்தால்? அப்படி ஒன்று சோதிக்கப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோசெரின், நினைவைப் பதியவைக்கும் குளுட்டமேட் ஏற்பிக்கும் துணைசெய்கிறது. 2004-ல் அமெரிக்காவில் உயரத்துக்குப் பயந்தவர்களுக்கு, மெய்நிகர் கண்ணாடி லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே அமர்வுகளில், போலி மாத்திரை எடுத்தவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். பெரும் எதிர்பார்ப்பு கிளம்பியது. பிறகு வந்த சோதனைகளில் பலன் சுருங்கியது. காரணத்தைத் தோண்டியபோது கிடைத்த தகவல்: அமர்வு முடியும்போது பயம் தணிந்திருந்தால் மருந்து அந்தத் தணிவைப் பதியவைத்தது, பயம் உச்சத்தில் இருக்கும்போதே அமர்வு முடிந்தால் பயத்தைப் பதியவைத்தது. அதனால் மாத்திரையை அமர்வுக்கு முன்னால் கொடுக்காமல், நன்றாக முடிந்த அமர்வுக்குப் பிறகு மட்டும் கொடுத்தால் என்ன என்று அடுத்த சுற்று ஆய்வுகள் தொடங்கின.